மேல் பொத்தான்

ரதீஸ் தாடையில் இரண்டு விரலை வைத்ததுதான் தாமதம், அழகரத்தினம் கழுத்தை அண்ணாந்து கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக் குழியில் பிளேடு ஓடுகிறது, கிழவனுக்கு ஒரு பயமும் இல்லை. படலையடியில் அப்பிள் பையோடு நின்ற உதயரூபனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். நாற்பத்தைந்து வயதில், கச்சேரி அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிற ஒரு மனிதனுக்குத் தங்கச்சி புருஷன்மேல் வந்த பொறாமை.

“மெல்ல மனே,” என்றார் அப்பா. மகனே என்கிற அந்த ‘மனே’ மருமகனுக்கு. பெற்ற மகனைக் கண்டதும், “ஆ, உதயனா. கதிரையில இரி,” என்றார். வந்தவர்களுக்குப் போடுகிற கதிரை அது.

வழக்கம் அப்படி, யாரை நோவது. வீடு பெண்பிள்ளைக்கு. மகன் கலியாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடவேண்டும். எங்கிருந்தோ ஒருத்தன் மருமகனாக வந்து அவன் படுத்த இடத்தில் படுப்பான். உதயரூபன் பெரியகல்லாற்றை விட்டுப் புளியந்தீவுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம். கடைசித் தங்கச்சி மேனுகாவை முடித்து ரதீஸ் வந்து ஏழு வருஷம். அந்த ஏழு வருஷக்காரன் வெறும் மேலோடு, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வளவில் பிறந்தவன்போல நடந்து திரிகிறான். தை மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, குளிக்க வார்ப்பதும் சோறு தீத்துவதும் கக்கூசுக்குத் தூக்கிப்போவதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பிளோடு வருகிற மகனுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.

அன்றைக்கு வாய் தானாகவே திறந்துகொண்டது. “ஒரு பத்து நாளைக்கு அப்பாவ நான் கொண்டு போறன்.”

மேனுகா அரிவாள்மணையை விட்டு எழும்பினாள். “அப்பா அங்க இரிப்பாரா அண்ண? அது மச்சாள்ர வீடெல்லா.”

“ஏன், நான் அவருக்குப் பிறக்கல்லையா?”

அவள் அப்பாவின் வெள்ளைச் சேட்டை எடுத்துவரப் போனாள். ரதீஸ்தான் ஓட்டோ வரைக்கும் வந்து, “மச்சான், மாமா தண்ணி குடிக்கிறது...” என்று எதையோ சொல்லத் தொடங்கினான்.

“எனக்குச் சொல்லித் தராத. அவர் என்ர அப்பா,” என்றான் உதயரூபன். சொன்னபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. வழியெல்லாம் அது இருந்தது, கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதும் இருந்தது.

பெண்சாதி ஜெயவதனியைக் குறை சொல்ல ஏலாது. முன் அறையை ஒழித்து, புது விரிப்பு விரித்து, மணலை மீன் வாங்கி ஆணம் வைத்திருந்தாள். ஆனால் அப்பா அறைக்குள்ளேயே போகவில்லை. விறாந்தைக் கதிரையில், ஜன்னலோரம் இருந்துகொண்டார். வரும்போது போட்ட வெள்ளைச் சேட்டைக் கழற்றவும் இல்லை. சித்திரை வெயிலில் மேல் பொத்தான்வரை பூட்டியபடி, சுவரில் மாலையோடு தொங்கிய சம்மந்தியின், ஜெயவதனியின் தகப்பனின், படத்துக்கு முன்னால், கந்தோரில் முறைக்குக் காத்திருக்கிறவர்போல நிமிர்ந்தபடி இருந்தார். ஊரில் சேட்டு எங்கே கிடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

“கழட்டுங்கப்பா, வேர்க்கிது.”

“பரவாயில்ல.”

சோற்றில் நாலு வாய். “போதும் புள்ள, வயிறு நிறைஞ்சிற்று.” உதயரூபன் தீத்தப் போனால் நல்ல கையை நீட்டித் தானே வாங்கிக்கொள்வார். தண்ணீரையும் தேத்தண்ணியையும் மட்டும் கொடுத்தவுடனே, “வை, குடிக்கிறன்,” என்பார். திரும்பி வந்து பார்த்தால் குவளை வெறுமையாக இருக்கும். என்ர கையால குடிக்கிறார் என்று மகன் பூரித்துப்போனான். இரண்டு நாளும் தங்கச்சிக்குப் போன் கோல் எடுத்து, அப்பா நல்ல சந்தோஷம், உங்களைத் தேடவே இல்லை என்று அளந்துவிட்டான். ரதீஸ் பக்கத்தில் நிற்பான், கேட்கட்டும்.

மூன்றாம் நாள் காலையில் குரோட்டன் சாடிக்குத் தண்ணீர் ஊற்றப்போன ஜெயவதனி கூப்பிட்டாள். ஜன்னலுக்கு நேர் கீழே சாடி நிறையத் தேத்தண்ணிச் சாயம், எறும்பு மொய்த்துப்போய்க் கிடந்தது. உதயரூபன் ஓடிவந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது. வந்ததிலிருந்து ஒன்றோ இரண்டு தரம்தான், அதுவும் சுவரைப் பிடித்து இழுபட்டு, கக்கூசுக்குப் போனார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தண்ணீர் குறைந்தால் கிட்னி பழுதாகும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னது அவனிடம் இல்லை, ரதீஸிடம்.

“ஏனப்பா ஊத்தினீங்க?”

“குடிச்சாப் போகோணும். குசினியக் கடந்துதானே போற. அங்க மருமகள் சமைச்சிக்கொண்டு நிப்பா.”

“நான் தூக்கிற்றுப் போறன்.”

“நீ கந்தோருக்குப் போற ஆள். உனக்கு ஏன் அந்த வேலை.”

“ரதீஸ் தூக்கலாம், நான் தூக்கப்படாதா?”

அப்பா சம்மந்தியின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். நல்ல கையால் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “அவன் எப்ப வாற?” என்று கேட்டார்.

ரதீஸைக் கூப்பிட அந்தப் போன் கோலை எடுக்க உதயரூபன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ரதீஸ் பத்து மணிக்கே ஓட்டோவோடு வந்து இறங்கினான். ஜெயவதனியைக் கடைக்குப் போய்வரச் சொன்னான். குவளையை எடுத்துக் கிழவனின் வாயில் வைத்தான், மடக்கு மடக்கென்று இறங்கியது. “வந்திற்றியா மனே,” என்றார் அவர், ஈர உதட்டோடு. பிறகு அவன் குனிய, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார், குசினியைக் கடந்து போனார்கள்.

அவரைத் திரும்பவும் கதிரையில் இருத்திவிட்டு வந்த ரதீஸை உதயரூபன் வளவில் மறித்தான். “என்ன மருந்து போட்டு வைச்சிரிக்காய் அவருக்கு?” பகிடிபோலச் சொல்லத்தான் நினைத்தான். கெஞ்சல்போல வந்துவிட்டது.

ரதீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். “என்ர அப்பா தங்கச்சியோடதான் கிடந்தவர் மச்சான். நான் போற நேரமெல்லாம் சேட்டப் போட்டுவிடச் சொல்லிக் கத்துவாராம், மகன் வாறான் எண்டு. கடைசிமட்டும் அவர்ர வெறும் மேல நான் பாக்கல்ல. தங்கச்சி புருஷன்தான் குளிப்பாட்டினவன். அவனக் கண்டா எனக்கு இண்டைக்கும் வயிறு பத்தும்.”

இருவருமாக அப்பாவை ஓட்டோவில் ஏற்றினார்கள். கால்மாட்டை உதயரூபன் பிடித்தான். “புள்ளைக்குச் சொல்லு, ஆணம் நல்ல ருசியெண்டு,” என்றார் அப்பா, விருந்துக்கு வந்து போகிறவர்போல.

ஓட்டோ திரும்பி ஓடத் தொடங்கியது. சந்தியைக்கூடத் தாண்டவில்லை, பின்பக்கக் கண்ணாடிக்குள் அப்பாவின் நல்ல கை கழுத்தடியில் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டுவதும் ரதீஸ் சாய்ந்து உதவுவதும் தெரிந்தன. பொத்தான் கழன்றிருக்க வேண்டும், அப்பா பின்னால் சாய்ந்துகொண்டார்.

உதயரூபன் படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். நல்ல வெக்கை, முதுகெல்லாம் நனைந்திருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. மாமனாரின் படத்துக்கு முன்னால் நின்று தன் கழுத்தடிக்குக் கையைக் கொண்டுபோனான். லீவு போட்ட நாளில், வீட்டுக்குள், அவனும் சேட்டோடுதான் நின்றான். பத்தொன்பது வருஷமாக. விரல் மேல் பொத்தானில் இருந்தது, கழற்றவில்லை.