உடன்குடியிலிருந்து வந்த ஏச்சு

உடன்குடியில் இருந்துகொண்டு ஒரு பெண் ஏசிய ஏச்சில், பாளையங்கோட்டையில் ஓடிக்கொண்டிருந்த டவுண் பஸ் நின்றது. ஓய்வு பெற்ற வணிகவியல் வாத்தியார் நான் சொல்கிறேன், நம்புங்கள்.

“புளுகாதயும்வே!” என்பார் தானியேல். டீக்கடையில் தினமும் என் பக்கத்தில் உட்காருபவர். எங்கள் கல்லூரி முதல்வர் கிருபைராஜுக்கு மச்சான். அதனால் இந்தக் கதை அவருக்கு ஆகாது.

கொரோனாவில் தொடங்கிய ஆன்லைன் வகுப்பை, ஓய்வுக்குப் பிறகும் அதே கல்லூரியில் பாடம் எடுக்கும் நான் விடவில்லை. பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் போனில். உடன்குடி மர்வா போனில். புருஷன் துபாயில், மடியில் கைப்பிள்ளை. ஆன்லைன் நின்றால் அவள் படிப்பும் அன்றோடு சரி.

ஒருநாள் அரங்கில் பாடம் நடக்கையில் கிருபைராஜ் நுழைந்தார்.

“ஆன்லைன் வேணும்ங்கவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. எப்படி எழும்? தூக்க வேண்டியவர்கள் அங்கே இருந்தால்தானே!

“பாத்தீரா சார், ஒருத்தருக்கும் வேண்டாம். இன்னைக்கே நிறுத்திருவோம்.”

எனக்கு வந்த கோபத்துக்குத் தாமிரபரணியை ஒரே மடக்கில் குடித்தாலும் அடங்காது. மறுநாள் நடக்கவிருந்த தேவாலய அசனத்துக்காக, அதாவது ஊருக்கே போடும் பொது விருந்துக்காக, கல்லூரி வாசலில் தெருவைப் பார்த்துக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதன் வயரை என் மடிக்கணினியில் சொருகினேன்.

“பேசு மர்வா.”

“நானும் கையத் தூக்கிட்டுத்தான் இருக்கேன் சார், ஒங்க கண்ணுக்குத் தெரியல! இல்லாதவங்கள விட்டுட்டு இருக்கவங்ககிட்ட கேட்டா என்ன நியாயம்? தினம் நாலு மணி நேரம் நான் பஸ்ல கெடந்தா, எம்பிள்ளைக்கு நீங்களா பால் குடுப்பிய?”

மஞ்சோலை மலை வரைக்கும் எதிரொலித்தது. கிருபைராஜ் வேர்வை துடைத்த கைக்குட்டையைப் பிழிந்ததில் மணிமுத்தாறு அணை இரண்டடி ஏறியது. “சரி சரி, நடத்தும்” என்று ஓடினார். பஸ் நின்றது, அவள் கேட்டு முடித்த அந்த நொடியில்தான்.

இன்று காலை அதே கிருபைராஜ் டீக்கடைக்கு வந்தார்.

“இந்த வருசத்தோட ஆன்லைன நிறுத்துதேன். வேணும்னு இதுவரை ஒருத்தரும் வாயத் திறந்ததில்ல.”

மர்வாவுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. நான் வாயைத் திறக்குமுன் தானியேல் கிளாஸை டங்கென்று வைத்தார்.

“பொய் சொல்லாதயும் மச்சான்! நடந்துச்சு. அந்த பஸ்ல நான் இருந்தேன். நிறுத்தச் சொன்னதே நாந்தான். அந்தப் பிள்ளைக்கு நீரு என்ன பதில் சொல்லுவீருன்னு கேக்கணும்லா!”