கத்தரிக்கு ஓதிப் பார்த்த நாள்

கோட் தைக்கிற கம்பெனியில் அவளுக்குத் துணி வெட்டுகிற வேலை. கையும் வேகம், வாயும் வேகம். அதனால் அங்கே எல்லாருக்கும் அவள் கத்தரி. புருஷனும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டான்.

போன வருஷம் அவளுக்குத் தூக்கம் போனது. பிறகு மெஷின் சத்தத்துக்குள்ளே யாரோ தன்னைத் திட்டுவது கேட்க ஆரம்பித்தது. ஒருநாள் தைத்து முடித்துத் தொங்கவிட்டிருந்த கோட்டுகளை எல்லாம் கை வேறு காலர் வேறாக வெட்டிப் போட்டாள். சூப்பர்வைசர் அக்கா அவள் கையைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாத்திரையில் உடம்பு ஊதியது, விரல் நடுங்கியது. ஆனால் சத்தம் அடங்கியது. வேலைக்கும் திரும்பினாள்.

மாமியாருக்குத்தான் மனசு ஆறவில்லை. கெட்டவள் இல்லை. மருமகள் சுவரோடு பேசியதைக் கண்ணால் பார்த்துப் பயந்துபோனவள். ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் போய்ச் சொன்னாள். "ஜின்தான் பிடிச்சிருக்கு. மாத்திரைய நிறுத்து, அப்பதான் வெளிய வரும்" என்றார் அவர். மாமியார் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வந்தார், கையில் பிரம்போடு. கத்தரியை ஹால் நடுவில் பாயில் உட்கார வைத்தார்கள். புருஷன் கதவோரம் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓதி முடித்து, "யாரு நீ?" என்று அதட்டினார் அவர்.

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"பாத்தீங்களா, அவ பேரச் சொல்லித் தப்பிக்கப் பாக்குது."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப அடம் பிடிக்குது."

பேசினாலும் ஜின், பேசாவிட்டாலும் ஜின். கத்தரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை எங்கும் தடுமாறாமல் ஓதினாள்.

"இதக் கேட்டா ஷைத்தான் ஓடிடும்னுதானே சொல்வாங்க? நான் இங்கதான் இருக்கேன்."

அவர் பிரம்பைத் தரையில் தட்டினார். "ஜின்லயும் முஸ்லிம் உண்டு."

"அப்ப எதுக்குப் பிரம்பு? ஒரு ஸலாம் சொல்லிட்டுக் கிளம்பலாமே!"

சமையலறை வாசலில் நின்ற நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அவர் பிரம்பை ஓங்கினார். கத்தரி எழுந்து அதை நடுவில் பிடித்தாள். அவரால் உருவ முடியவில்லை.

"ஜின் இருக்குன்னு நானும்தான் நம்புறேன், அல்லாஹ் சொன்னது. ஆனா எனக்கு வந்திருக்கறது நோய். உங்களுக்குச் சக்கரை வந்தப்ப யாராவது ஜின்னுன்னு அடிச்சாங்களா மாமி? நோயத் தந்தவன்தான் மருந்தையும் தந்திருக்கான். என் மாத்திரை எங்க?"

மாமியார் அழுதுவிட்டாள். "உன்ன இழந்துடுவோமோன்னு பயந்துட்டேன்மா."

"பயம் உங்களுக்கு, அடி எனக்கா?"

அப்போதுதான் புருஷன் கதவை விட்டு நகர்ந்தான். "ஹஜ்ரத், நீங்க கிளம்புங்க" என்று பிரம்பை அவள் பிடியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தான். பிறகு கத்தரியிடம், "நீ விடு, நான் பேசிக்கறேன்" என்றான்.

"நான் பேசியாச்சு" என்றாள் அவள்.

மாமியார் தன் புடவை அடுக்குக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். கத்தரி எல்லார் எதிரிலும் ஒன்றை விழுங்கினாள். "நீங்க தினமும் எனக்கு ஓதி ஊதுங்க மாமி, வேண்டாம்னு சொல்லல. மாத்திரைல மட்டும் கை வைக்காதீங்க."

சத்தம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் வெட்டுமேசையில் நிற்கும்போது மறுபடி கேட்டது. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எனக்குத் திரும்பக் கேக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள் உரக்க.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன பாக்குறீங்க? காய்ச்சல்னா நீங்க லீவு கேக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்து போனாள்.