அக்கா போயிட்டா

உள்ளே பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே தம்பி, வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு வர மறுத்தன. ஒவ்வொன்றையும் காலால் உதைத்துத்தான் பிரிக்க முடிந்தது. அதுவும் நல்லதுக்குத்தான். எதையாவது உதைக்க வேண்டும் போலத்தான் அவனுக்கும் இருந்தது.

தம்பி என்பது அவன் பெயர் அல்ல. வயது ஐம்பதைத் தாண்டி, தலையில் முடி விடைபெற்றுக்கொண்டு, தண்ணீர் கேன் போடும் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறவன். ஆனால் அவன் அக்கா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஏறின ஜனமெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட்டதால், கூடப் பிறந்த பாவத்துக்கு இவன் ஊருக்கே தம்பி ஆகிவிட்டான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட 'தம்பி அண்ணே' என்றுதான் கூப்பிடும். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

விடியற்காலையில் காபிக்குத் தண்ணீர் வைத்த அக்கா அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். தம்பியின் மனைவி ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலம் அடக்கம் என்று முடிவாயிற்று.

நாற்காலி ஒன்றின் மேல் அக்காவின் போன் கிடந்து நடுங்கியது. எடுத்துப் பார்த்தான். எல்லாம் அந்தப் பசங்கள்தான். 'அக்கா கிளம்பியாச்சா?' 'அக்கா இன்னைக்குத்தான் ஞாபகம் இருக்குல்ல?' 'அக்கா மூணு மணி.'

இந்தப் பசங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா வேலையில் இருந்த காலத்தில் சாயங்கால டிரிப்பில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, மறுபடி போகிற ஒரு கூட்டம் இருந்தது. மாணவர் பாஸ் இருந்தது, டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மற்ற கண்டக்டர்கள் காதைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அக்கா மட்டும் கேட்டாள், "எங்க போகணும் உங்களுக்கு?" ஒரு நெட்டையான பெண் சொன்னாள், "எங்கயும் இல்லக்கா. உக்கார இடம் இல்ல, அதான்."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். உண்மையில் அந்தப் பிள்ளைகளுக்குப் போக்கிடமே இல்லை. பூங்காவை விளக்கு வைக்கும் முன்பே பூட்டிவிடுவார்கள். டீக்கடையில் ஒரு டீக்கு மேல் உட்கார்ந்தால் கடைக்காரர் தரை துடைக்க வந்துவிடுவார். மைதானம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்தப் போய்விட்டது. வீட்டிலோ படிக்கச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்றைக்கே அக்கா ஆரம்பித்தாள். பஸ் டிப்போவை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு பூட்டிக் கிடந்த பழைய டயர் ஷெட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். வார்டு கமிட்டியின் தலைவிக்கோ அங்கே கட்டண பார்க்கிங் போட ஆசை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் போன் போதும். திறந்து வச்சாலும் ஈ காக்கா வராது," என்று அந்தம்மா முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். அக்கா விடவில்லை. கடைசியில் தலைவி இறங்கி வந்து, ஒரே ஒரு நாள் ஷெட்டைத் திறந்துவிடுகிறேன், நானே வந்து பார்க்கிறேன், ஆள் வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் பார்க்கிங் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு நாள் இன்றைக்கு.

தம்பிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பெத்தவங்களே கண்டுக்கல, உனக்கென்ன வந்துச்சு?" என்று அவளோடு சாப்பாட்டுத் தட்டின் முன் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறான். ஆனால் அக்காவுக்குப் போனில் எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல இவன்தான் திட்டிக்கொண்டே தட்டிவிடுவான். ஆகவே இப்போதும் அவனே எழுதினான். இறந்துவிட்டாள் என்று எழுத விரல் வரவில்லை. 'அக்கா போயிட்டா' என்று மட்டும் அடித்து அனுப்பினான்.

உடனே பதில்கள் வந்து விழுந்தன. முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவன் கைதட்டும் படம் போட்டிருந்தான். நெட்டை எழுதியிருந்தாள்: 'சூப்பர் அண்ணே. நாங்களும் பின்னாடியே போறோம்.'

தம்பிக்கு ரத்தம் தலைக்கேறியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியா இதுங்க லட்சணத்த? செத்த வீட்டுக்குக் கைதட்டுது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "சின்னப் பசங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம ஏதோ அமுக்கியிருக்கும். வருவாங்க, விடுங்க."

அவன் போனைச் சத்தமில்லாமல் செய்து அலமாரிக்குள் போட்டு மூடினான்.

மதியம் கழிந்தது. அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் சாதாரணமாக இருந்தது, சில்லறை இல்லை என்று சொல்லப் போகிறவள் போல. மாடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், சித்தப்பா ஒருவர் வந்து நல்ல சாவு என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்கு நேராக இடம் பார்த்து உட்கார்ந்தார். கல்யாணம் காட்சி இல்லாமல் இருந்தவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நாற்காலிகள் பெரும்பாலும் வெயிலில் காய்ந்தன. தம்பி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான். யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருமுனையையே பார்த்தான். ஒரு பிள்ளைகூட வரவில்லை. அக்காவுக்காக அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம் துக்கத்தை விட அதிகமாக வலித்தது.

மூன்று மணிக்கு மேல் அக்காவோடு கடைசி வரை ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் வந்தார். காலமாகிவிட்டாள் என்று டிப்போவில் கேள்விப்பட்டு, டூட்டி முடிந்த கையோடு அரக்கப் பரக்க வந்திருந்தார். அவள் காலடியில் நின்று கும்பிட்டார். பிறகு வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்.

"பசங்களுக்குச் சொல்லலியா தம்பி?"

"சொல்லாம? காலைலயே சொல்லியாச்சு. யார் வந்தா?"

டிரைவர் தயங்கினார். "இல்ல... வர்ற வழியில பாத்தேன். பழைய ஷெட்டுல ஒரே கூட்டம். பந்து விளையாடுறாங்க. பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது."

தம்பி அவரை முறைத்துப் பார்த்தான். "அவ இங்க கெடக்கா. அங்க ஆட்டம் பாட்டமா?"

மனைவி கையைப் பிடிப்பதற்குள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வழியெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தான். நன்றி கெட்டதுகளா என்று ஆரம்பிப்பதா, வெட்கமாக இல்லையா என்று ஆரம்பிப்பதா என்பதுதான் முடிவாகவில்லை. பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று மோதி அவன் கோபத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தன.

ஷெட்டின் இரும்புக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தவன் திட்ட மறந்து நின்றான்.

அந்த இடத்தை அவனுக்குத் தெரியும். கிரீஸும் பெருச்சாளியும் குடியிருந்த இடம். இப்போது தரை கழுவிவிட்டதுபோல இருந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி இறகுப் பந்து ஆடினார்கள். பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின் மேல் பலகை அடித்து, அதன் மேல் நான்கு பெண்கள் ஆடப் பழகிக்கொண்டிருந்தார்கள். பழைய டயர்களை அடுக்கி அதன் மேல் கேரம் பலகை. ஒரு மூலையில் ஒருவன் எதுவுமே செய்யாமல் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அக்கா கூட்டிவைத்திருந்த கூட்டத்தைப் போலப் பல மடங்கு இருந்தது. ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் கமிட்டித் தலைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தவறான பஸ்ஸில் ஏறிவிட்டவள் போல நின்றாள்.

நெட்டை ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னண்ணே இவ்வளவு லேட்டு? அக்கா எங்க?"

"அக்காவா?"

"நீங்கதான போட்டீங்க, அக்கா போயிட்டான்னு. நமக்கு முன்னாடியே ஷெட்டுக்குக் கெளம்பிட்டாங்கன்னு நாங்க அடிச்சுப் புடிச்சு வந்தா, வார்டு ஆபீஸ் ஆளு கதவத் தொறந்துவிட்டாரு, அக்காவத்தான் காணோம். போன் பண்ணாலும் எடுக்கல. சரி, அந்தம்மா வர்ற நேரமாச்சுன்னு நாங்களே ஆரம்பிச்சிட்டோம். வந்தா திட்டுவாங்களா?"

தம்பிக்கு அந்தக் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கைதட்டல் வந்தது. நாங்களும் பின்னாடியே போறோம் என்றது வந்தது. அவனுக்குச் சிரிப்பு முட்டியது, கூடவே அழுகையும் முட்டியது, இரண்டில் எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் வாயை இறுக மூடிக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது தலைவி அவனிடம் வந்துவிட்டாள்.

"நீங்கதான அவங்க தம்பி? அவங்க எங்க? ரெண்டு கேள்வி கேக்கணும்."

இப்போது சொன்னால் அந்தம்மா உச்சுக் கொட்டுவாள். பாவம் என்று சொல்லி ஷெட்டைக் கொடுத்தாலும் கொடுப்பாள். அக்கா யாருடைய பரிதாபத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு டிக்கெட்கூடக் கிழித்ததில்லை.

"அவ வேலைய அவ முடிச்சிட்டா. எங்கிட்ட கேளுங்க," என்றான் தம்பி.

"தினமும் இப்படியேதான் ஆடிக்கிட்டு இருப்பாங்களா? ஒரு பயிற்சி, ஒரு வகுப்பு, அப்படி ஒண்ணும் கெடையாதா?"

"கேட்டா வைக்கலாம். ஆனா மொதல்ல வந்து இருக்கட்டும்மா. இருக்க ஒரு எடம்தான் அவங்க கேட்டது."

தலைவி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவனைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். "எம் பையனும் அங்க கேரம் ஆடுறான்," என்றாள், யாரிடமோ புகார் சொல்கிற குரலில். "டியூஷன்னு சொல்லிட்டுப் போனவன்." பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி. பார்க்கிங் வேற எடம் பாத்துக்கலாம். ஆனா பெரியவங்க ஒருத்தர் பொறுப்பு எடுக்கணும். தெனமும் சாயங்காலம் தொறந்து, இருந்து, பூட்டணும். உங்க அக்காவால ஆகுமா? வயசாச்சே."

"நான் எடுத்துக்கறேன்," என்றான் தம்பி.

அவன் குரல்தானா அது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. தலைவி கைப்பையைத் துழாவி ஷெட்டின் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நெட்டை பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நொடி அவள் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. யாரோ அவனைக் கட்டிப்பிடித்தார்கள், யாரோ தோளில் அறைந்தார்கள். ஜெயித்துவிட்டாள், அக்கா ஜெயித்துவிட்டாள் என்று அவன் மனசும் அவர்களோடு சேர்ந்து கத்தியது. வாழ்க்கையில் அவன் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

"அக்காவுக்குப் போன் போடுங்கண்ணே. நாங்களே சொல்றோம்."

எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். தம்பி சாவியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"நான் சரியாத்தாம்மா எழுதினேன்," என்றான். "காலைலயே போயிட்டா."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. நெட்டைக்குத்தான் விளங்கியது. அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஒவ்வொரு முகமாக அது பரவி, கடைசியில் பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தலைவி பக்கத்திலிருந்த டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்கா புறப்பட்டபோது தெரு கொள்ளவில்லை. நாற்காலிகளை அடுக்கி ஓரம் கட்டித்தான் வழி விட வேண்டியிருந்தது. மின்விசிறிச் சித்தப்பா, "யாருப்பா இவங்கெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அக்காவோட பசங்க," என்று தம்பியின் மனைவி ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பதில் சொன்னாள். முன்னால் போனவர்கள் இடுகாட்டு வாசலை அடைந்த பிறகும் பின்வரிசை தெருமுனை திரும்பவில்லை. ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று முறை வைத்துத் தூக்கினார்கள். நெட்டை தன் முறையை யாருக்கும் விட்டுத் தரவில்லை. தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

எல்லாம் முடிந்து பெரியவர்கள் கலைந்தார்கள். பிள்ளைகள் மட்டும் இடுகாட்டு வாசலில் கூட்டமாக நின்றார்கள், வீட்டுக்கும் போகாமல்.

"இப்ப எங்க போறதுண்ணே?" என்று கேட்டாள் நெட்டை.

தம்பி போய், டிரைவர் ஊர்வலத்துக்குப் பின்னால் ஓட்டிவந்து நிறுத்தியிருந்த தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான். கேன்களை ஓரம் தள்ளிவிட்டு முடிந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் பின்னாலேயே நடந்துவந்தார்கள், அவர்களுக்காக அவன் நடை வேகத்தில் ஓட்டினான். கடைத்தெரு வந்தது. வலப்பக்கம் வீட்டுக்குப் போகும் வழி, இடப்பக்கம் ஷெட். திருப்பம் வருவதற்கு வெகு முன்பே தம்பி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டான்.