துணைக்கு ஒரு குஞ்சு

பாவாடை சித்தப்பா கோழிக்குஞ்சின் காலைச் சணலால் இறுகக் கட்டி, மறுமுனையைப் பாடை மூங்கிலில் முடிந்தார். அது தலைகீழாகத் தொங்கிக் கத்தியது.

“சனிக்கிழம சாவு. துணைக்கு ஒண்ண அனுப்பலன்னா வூட்டுல இன்னொண்ண இழுத்துக்கும்” என்றார், விருத்தாம்பாளின் ஏழு மாத வயிற்றைப் பார்க்காமல்.

“குழியில போட்டு மூடிருவீங்களா சித்தப்பா?”

“பின்ன, வளக்கவா எடுத்துட்டுப் போறோம்?”

பாடையில் கிடந்த அவளுடைய நைனா, வேலூர்க் கூட்டமொன்றில் புத்தரின் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டு வந்தவர். வந்த அன்றே கவுதாரிக் கண்ணிகளைச் செட்டிக்குளத்தில் வீசினார். சாராயத்தை விட்டார். கொல்லேன், திருடேன், பொய் சொல்லேன் என்று விளக்கு வைத்ததும் ஐந்தையும் சொல்லுவார்.

“கொசுவக்கூட அடிக்க மாட்டன்னா எப்பிடிய்யா தூங்கறது?” என்று அம்மா கேட்பாள்.

“நான் தூங்கறன் இல்ல?”

தூங்கினார். கண்ணி வைத்த காலத்தில் விடியும்வரை புரண்டவர்தான். படுத்தால் தூக்கம் வரணும், அதுதான் சொகம் என்பார்.

“அவருக்கு இது புடிக்காதுதான்” என்றாள் அம்மா இப்போது, குஞ்சைப் பார்த்து மெதுவாக. “உனக்காவத்தான்டி.”

விருத்தாம்பாளுக்கும் பயம் இருந்தது. குழந்தை அசையும்போதெல்லாம் கை வயிற்றுக்குப் போனது. அம்மாவுக்கு இது பயம் என்றால், தனக்கு இது பயம் மட்டுமில்லை என்று தோன்றியது. தன் பெயரைச் சொல்லி ஓர் உயிரை மூடப்போகிறார்கள்.

மாசமாக இருப்பவள் பிணத்தருகே வரக் கூடாது என்றார்கள். வாய்க்கரிசி மட்டும் போடுகிறேன் என்று கெஞ்சிப் போனாள். குனிந்தவள் அரிசியைப் போட்டாள். இன்னொரு கை மூங்கிலைத் தடவி முடிச்சை நெம்பியது. குஞ்சு மடிக்குள் வந்து துடித்தது. பறைச் சத்தத்தில் அதன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

ராஜகிரி மலையின் நிழல் தெருவில் விழுந்தபோது ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள்.

“குஞ்சக் காணோம் அண்ணி” என்றார் சித்தப்பா. “குழிகிட்ட போயித்தான் பாத்தன். வழியில அவுந்து வுழுந்திருக்கும். இல்ல விருத்தா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நான்தான் அவுத்தேன் சித்தப்பா.”

“வயித்த நெனச்சிப் பாத்தியாடி?” என்றார் அவர்.

“நெனச்சேன்.”

சித்தப்பா ஈரத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொல்லையில் தாய்க்கோழியின் பின்னால் குஞ்சு காலில் சணலை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது.

அம்மா எழுந்தாள். விளக்கை ஏற்றி வைத்தாள். பிறகு கொல்லைக்குப் போய்க் குஞ்சைப் பிடித்து மடியில் கிடத்தினாள். முடிச்சு விரலுக்கு மசியவில்லை. குனிந்து, கால் கடிபடாமல், சணலைப் பல்லால் மெல்ல மெல்ல அறுக்கத் தொடங்கினாள்.