ஓடி வந்தவர்களுக்கு இடம் உண்டா

பல் டாக்டருக்குக் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. மகள் விரும்பும் பையனின் அப்பா என்றால் சந்தேகப்படாமல் வேறென்ன செய்வது? பெண்ணை அந்த வீட்டுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நல்லவேளையாக, விரலளவு ஈய வீரர்களை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, பழைய போர்களைத் திரும்ப நடத்துகிற பைத்தியம் இரண்டு பேருக்குமே உண்டு. எந்த விதிப்புத்தகத்தை எடுக்கிறார் என்று பார்த்தாலே ஆளை எடைபோட்டுவிடலாம் என்பது டாக்டரின் கட்சி.

மேஜையில் இரண்டு புத்தகங்கள். ஒல்லிப் புத்தகத்தின்படி, பயந்து ஓடுகிற படை நேராகப் பெட்டிக்குள் போய்விடும். அதோடு கதை முடிந்தது. தடிப் புத்தகத்தின்படி, ஓடியவர்கள் தங்கள் பாசறைக்குள் புகுந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தெம்பு வந்தால் மறுபடி களத்தில் இறங்கலாம்.

கடைக்காரர் தடிப் புத்தகத்தைத் தொட்டார். “சம்பந்தி, இதையே வெச்சுக்கலாமே.”

அதற்குள் சம்பந்தியா! டாக்டர் எதிர்ப்படையைப் பார்த்தார். அத்தனையும் குதிரை வீரர்கள். ஓடுவதும் வருவதும்தான் அவர்கள் பிழைப்பு. தன்னிடமோ நகரவே யோசிக்கிற ஈட்டிக்காரர்கள். மனுஷன் உட்காரும்போதே கணக்குப் போட்டுவிட்டார். விளையாட்டிலேயே இப்படி என்றால், நாளைக்கு என் பெண்ணிடம் எதற்கெல்லாம் விதி பேசுவாரோ?

“அது சரிப்படாதுங்க. ஓடி வந்தவனுக்குப் பாசறையில எதுக்கு இடம்? கதவச் சாத்தணும்.”

“பாவம், ஒரு தடவ தாங்க முடியாம...”

“போனவன் போனவன்தான். என் மேஜையில அதான் சட்டம்.”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது எதற்குத் துடைக்கிறார்? எதை மறைக்கிறார்? டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஈட்டிக்காரன் ஒருவனுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்த மகள் தூரிகையைக் கீழே வைத்ததை அவர் கவனிக்கவில்லை.

“அப்பா, அங்க எனக்கு ஒத்துவராம ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டு இங்க வந்து நின்னா?”

“இது விளையாட்டும்மா.”

“தெரியும்பா. நான் வந்து நின்னா?”

டாக்டர் இப்போதுதான் மகள் பக்கம் திரும்பினார். வந்த மனுஷனைத்தான் துருவித் துருவிப் பார்த்தாரே தவிர, தன் பெண் தன்னை அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இதை அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று அதைவிட வலித்தது.

“வீட்டுச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும்மா,” என்றார். “பெல்லடிச்சுட்டு நிக்காத. உன் பாட்டுக்குத் திறந்துக்கிட்டு உள்ள வா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு தூரிகையை எடுத்தாள். கடைக்காரர் முகத்தில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. இவளும் அவரும் முன்னாடியே பேசிவைத்திருப்பார்களோ? இருக்கும். அந்தக் குதிரைகளிடம் இன்றைக்குத் தோற்கப்போவதும் நிச்சயம்.

டாக்டர் ஒல்லிப் புத்தகத்தை அலமாரியில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பகடைய உருட்டுங்க, சம்பந்தி.”