பின்னல் நுனி

சீலியின் வாயிலிருந்து பின்னலை உருவி எடுத்தபோது, நுனியில் தடவியிருந்த வேப்பெண்ணெயை அவள் முழுவதும் சப்பித் தீர்த்திருந்ததை ஜீவரத்தினம் கவனித்தார். நான்கு வயதுக் குழந்தை முகத்தைச் சுளித்திருக்க வேண்டும், துப்பியிருக்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் அழுதாவது இருக்க வேண்டும். அவளோ ஈர நுனியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எடுத்ததைத் திருப்பித் தரும்படி கையை நீட்டினாள்.

எழும்பூர் ரயில்வே அலுவலகத்தில், வண்டிகள் தாமதமானதற்குக் காரணம் எழுதும் பிரிவில் அவர் வேலை பார்த்தார். மழை, சிக்னல், மாடு, சங்கிலி இழுப்பு என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு தலைப்பு உண்டு. காரணமில்லாத தாமதம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பழக்கத்தில் சீலிக்கும் காரணம் தேடினார். பசியோ என்று பார்த்தால், சாப்பிட்டு வாய் துடைத்த கையோடு மென்றாள். வயிற்றில் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. பின்னலை மடித்து ரிப்பன் வைத்துக் கட்டினால், ரிப்பனையும் சேர்த்து மென்றாள். கடைசியில் அவளிடமே கேட்டார்.

"வாய்க்குத் தனியா இருக்குப்பா."

இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. காலையில் அவர் தாம்பரத்துக்கு ரயிலேறப் போவார். அவர் மனைவி சரோஜினி கேம்ப் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவாள். அடுத்த வீட்டில் எருமைகள் வைத்துப் பால் கறக்கும் கங்கையம்மாள், இருவரும் திரும்பும்வரை சீலியைப் பார்த்துக்கொள்வாள். அந்த வீட்டில் எந்நேரமும் நாலு பேர் இருந்தார்கள். வாய் மட்டும் எப்படித் தனியாக இருக்கும்?

வயிற்றுவலி என்று குழந்தை சுருண்டு படுத்த வாரம் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை என்றார். விழுங்கும் முடி மட்டும் செரிக்காது, உள்ளேயே உருண்டையாகச் சேரும், பிறகு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். உருண்டையின் அளவைக் காட்டத் தம் முஷ்டியை மடக்கினார். ஜீவரத்தினத்துக்கு அதன் பிறகு சீலியின் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முஷ்டிதான் தெரிந்தது.

மொட்டை அடித்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். செய்தபின்தான் அதிலுள்ள சிக்கல் புரிந்தது. மொட்டை என்றால் வேண்டுதல். வேண்டுதல் என்றால் கோயில், அல்லது வேளாங்கண்ணி. அவர்களுடைய புராட்டஸ்டண்ட் சபையில் இரண்டும் வழக்கமில்லை. அவரோ சபைக் கமிட்டியின் செயலர்.

சரோஜினி வேறொன்றைக் கேட்டாள். "முடியை எடுத்துட்டா வாய் சும்மா இருக்குமாங்க?"

"கடிக்க முடி இருக்காதே."

"அதைத்தான் கேக்கறேன்."

சனிக்கிழமை காலை, கொல்லைப்புறத்து முருங்கை நிழலில் கங்கையம்மாள் சீலியை மடியில் இருத்திக்கொள்ள, நாவிதர் சிட்டிபாபு வேலையைத் தொடங்கினார். இது டாக்டர் சொன்னதற்காக மட்டுமே என்று ஜீவரத்தினம் அவருக்குத் தெளிவாக விளக்கியிருந்தார். மழித்து முடிந்ததும் துண்டும் வெந்நீரும் எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது குழந்தையின் தலை மஞ்சளாக இருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைச் சிட்டிபாபு விரலால் வழித்துக்கொண்டிருந்தார். வெட்டிய முடியைக் கங்கையம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சார் அப்பிடிப் பாக்கிற? மொட்ட அடிச்ச தலய வெறுசா வுடுவாங்களா? கொயந்தைக்கு சூடு ஏறிக்காது?" என்றாள் அவள்.

முடி எதற்கு என்று கேட்டார்.

"திருநீர்மலைப் பெருமாளுக்கு. போன மாசமே வேண்டிக்கினேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. வேண்டுதல் என்னுது, முடி மட்டுந்தான் உன்னுது."

"அப்ப கூலி யாரு சார் குடுக்கிறது?" என்றார் சிட்டிபாபு.

முடியைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டு வாங்கி என்ன செய்வது? கங்கையம்மாளைக் கண்டிக்கலாம். பகலெல்லாம் அந்த வாயிலிருந்து பின்னலைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். அது தம் மகளின் மருத்துவ மொட்டையா, கங்கையம்மாளின் வேண்டுதல் மொட்டையா, அல்லது ஒரே தலையில் இரண்டும் இருக்க முடியுமா என்று யோசித்தபடி வெந்நீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் சீலி எதையும் மெல்லவில்லை. மெல்லாமலிருந்தது அவருக்கு ஆறுதலாகவும், யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் சங்கடமாகவும் இருந்தது. அவரும்தான் ஜெபித்திருந்தார்.

ஞாயிறன்று, எவ்வளவு தேய்த்தும் காதுமடல்களுக்குப் பின்னால் மஞ்சள் போகவில்லை. சரோஜினி குழந்தையின் தலையில் துணி கட்டினாள். ஆராதனைக்கு எப்போதும் கொண்டை போட்டுக்கொள்பவள் அன்று பின்னலைத் தொங்கவிட்டிருந்தாள். நேரமில்லை போலும் என்று அவர் நினைத்தார்.

ஆலய வாசலில் நின்ற லாசரஸ், கமிட்டியில் மூத்தவர், துணியைச் சற்றே தூக்கிப் பார்த்தார். "என்ன செக்ரட்டரி, வேளாங்கண்ணியா, திருத்தணியா?"

"டாக்டர் சொன்னாருங்க."

"சந்தனமும் அவரே பூசறாரா?"

ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனிந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்த ஜீவரத்தினம் கண்ணை மூடவில்லை. பெண்கள் பக்கத்தில், சரோஜினிக்கு அருகே சீலி உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் வெறுமனே அசைந்துகொண்டிருந்தது. கை தோளில் தடவியது, கழுத்தில் தடவியது, அங்கே எதுவும் இல்லாமல் மடிக்குத் திரும்பியது. பிறகு பக்கவாட்டில் நீண்டு, அம்மாவின் முக்காட்டுக்குக் கீழே தொங்கிய பின்னலைத் தேடிப் பிடித்தது.

டாக்டரின் முஷ்டி அவர் கண்முன் வந்தது. எழுந்து போகலாமா என்று பார்த்தார். இருவருக்கும் இடையே நடைபாதையும் குனிந்த தலைகளும் இருந்தன. பின்னலின் நுனி குழந்தையின் வாய்க்கு எட்டவில்லை, விரற்கடை குறைந்தது. சீலி மெல்ல இழுத்தாள். கண்களை மூடியபடியே, உதடுகள் ஜெபத்தை முணுமுணுத்தபடியே, சரோஜினி தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தாள்.