பத்தில் நின்ற முள்

பம்ப்காரர் நான்காவது தடவை கைப்பிடியை அமுக்கியதும் அழுத்த மீட்டரின் முள் பத்துக்கு வந்து நின்றது. "எழுதிக்கம்மா, பத்து," என்றார். அவள் எழுதவில்லை. போன மாதம் வரை ஒரு தொட்டியைச் சோதித்து முடிப்பதற்குள் அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து முதுகை நீவிக்கொள்வார். இன்றைக்கு நெற்றியில் வேர்வைகூட இல்லை.

"என்ன அண்ணே, அதுக்குள்ளயா?"

"புது மீட்டரும்மா. புது மாப்பிள்ள மாதிரி, கூப்பிட்ட உடனே வந்து நிக்குது."

அந்தப் பட்டறையில் செய்வது காற்றுத் தொட்டிகள். டயர் கடையில் காற்றழுத்தம் ஏழில் ஓடப்போகிற தொட்டிக்குள் தண்ணீரை நிரப்பி, பம்பால் பத்து வரை அழுத்திப் பார்ப்பார்கள். எங்கும் கசியவில்லை என்றால் அவள் சான்றிதழில் பத்து என்று எழுதுவாள், அக்கா புருஷன் கையெழுத்துப் போடுவார். ஏழு என்றால் ஏழு, பத்து என்றால் பத்து. எந்த அளவையில் பத்து என்று யாரும் கேட்டதில்லை; சான்றிதழில் அதற்கு இடமும் இல்லை.

அவள் குனிந்து முள்ளுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். உடைந்துபோன பழைய மீட்டர் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று காட்டியது. இது சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று காட்டுகிறது. பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே போட்டுப் பார்த்தாள். கிலோவுக்கு இரண்டே கால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று பெருக்கிய பிறகுதான், இது நீளம் இல்லை, பரப்பு என்று உறைத்தது. அடித்துவிட்டு இரண்டு தடவை பெருக்கினாள். பத்து கிலோவுக்கு முள் நூற்று நாற்பத்திரண்டுக்குப் போயிருக்க வேண்டும். பத்தில் நிற்பது முக்கால் கிலோகூட இல்லை. இப்படியே மூன்று தொட்டிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அவர் கூவிச் சொன்னதை அறையிலிருந்தே கேட்டு, மூன்றிலும் பத்து என்று எழுதியது அவள் கை.

உள்ளங்கைக் கணக்கை அக்கா புருஷனிடம், அவளுடைய மாமாவிடம், நீட்டிக் காட்டினாள். அவர் முட்டாள் இல்லை. தானே கைப்பிடியைப் பிடித்து அமுக்கினார். அறுபது, எழுபது, எண்பது. தொண்ணூறைத் தொடும்போது ஒட்டு வைத்த இடத்திலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது. ஏழு கிலோவுக்கே நூறு வேண்டும்.

"அப்ப அந்த மூணு?" என்றார் பம்ப்காரர்.

"இது ஒண்ணுதான் கோளாறு. தண்ணிய எறக்கு," என்றார் மாமா.

நாலும் ஒரே வாரத்தில், ஒரே தகட்டில், ஒரே கை ஒட்டியவை. அந்தப் பதிவேட்டையும் அவள்தான் எழுதுகிறாள்.

அவள் அறை என்பது பட்டறை மூலையில் பலகை வைத்து அடைத்த இடம். ஜன்னல் உண்டு, திறக்காது. வெளியே போக மாமாவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்காவின் பிரசவத்துக்கு மூன்று மாதம் துணைக்கு இருக்கப் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள். அந்த மூன்று மாதம் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அவரு சட்ட ஈரத்தோட உக்காந்திருக்காரு. நீதான் ஏதோ சொன்னியாமே."

"அக்கா, அது வெடிச்சா கிட்ட நிக்கிறவங்க..."

"வெடிக்கல இல்ல? இந்தப் பட்டறைய மூடிட்டா நானும் புள்ளையும் எங்கடி போவோம்? நீ எங்க போவ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "சாப்பிடு, ஆறிடும்," என்றாள்.

சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் அந்த வீட்டுச் சோறு என்று தெரிந்தது. மாமா எழுந்து சட்டை மாற்ற மாடிக்குப் போனார். படிகளை எண்ணினாள். அடுத்தவர்களிடம் ஃபோனில் பேச அவளுக்கு எப்போதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் பதிவேட்டைப் புரட்டி முதல் டயர் கடையின் நம்பரை அழுத்தினாள்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் காற்று மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டி குடுத்த பட்டறையிலேர்ந்து பேசறேன். அந்தத் தொட்டிய..."

"ஒண்ணும் காதுல விழல. சத்தமா பேசும்மா."

"மோட்டார நிறுத்துங்க," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"தொட்டி ரொம்பணும்மா. ஏழு வந்தா தானா நின்னுடும். லைன்லயே இரு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பலகைக் கதவு திறந்து மாமா நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. அவர் கை நடுப் பொத்தானில் நின்றுவிட்டது. ஃபோனுக்குள் தடதடப்பு இன்னும் இறுகி, மூச்சுப் பிடித்த மாதிரி கனத்து, சட்டென்று அடங்கியது. எங்கோ ஒரு ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"ஆங்," என்றாள் அந்தப் பெண், தொட்டிக்குப் பக்கத்திலிருந்து. "இப்ப சொல்லும்மா."